அடியாத பிள்ளை படியாதா?

(ஒரு கிராமத்துச் சுயமரியாதைச் சங்க ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நமக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் குழந்தை வளர்ப்பு என்பதாகும். துண்டு விளம்பரத்தைப் பார்த்த ஒரு தோழர் வரும் வழியில் நம்மை நிறுத்தி, "ஜாதியைப் பற்றிப் பேசுவீர்கள், புரோகிதத்தைப் பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தால், பிள்ளைக்குச் சோறூட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே!" என்று கேலி செய்தார். அவர் இங்கேதான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு). அவருக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

நாம் ஊர் ஊராய்ப் போய் மேடை போட்டு, நாற்பது வயதுக்காரனைப் பார்த்து, "ஏன் என்று கேள், எதற்கு என்று கேள், யார் சொன்னாலும் உன் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்" என்று தொண்டை வறளக் கத்துகிறோம். அவனும் தலையை ஆட்டுகிறான். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி எவன் காலிலோ விழுந்துகொண்டிருக்கிறான். காரணம் என்ன? அவன் நாலு வயதில் "ஏன்" என்று கேட்டதற்காக வாயில் அடி வாங்கினவன். ஐந்து வயதில் "சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே" என்று காதைத் திருகப்பட்டவன். பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்காரப் பழகினவன். முப்பத்தைந்து வருஷம் கழித்து நாம் போய் ஒரு மணி நேரம் பேசி அவனை மனிதனாக்கிவிடலாம் என்று பார்த்தால் அது நடக்கிற காரியமா? அடிமைத்தனம் என்பது பெரியவனான பிறகு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதல்ல. அது வீட்டுத் திண்ணையில், அடுப்பங்கரையில், நாமே ஊட்டி வளர்ப்பது. ஆகவே இது சோறூட்டுவதைப் பற்றிய பேச்சு என்று தோழர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான்.

நமது நாட்டில் பழமொழிகளுக்குப் பஞ்சமில்லை. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டுமாம், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டுமாம். அடியாத மாடு படியாதாம். மாட்டுக்கும் முருங்கைக்கும் சொன்னதைப் பிள்ளைக்கும் சொல்லி வைத்தவர்களின் யோக்கியதையைப் பாருங்கள்! நமது பாட்டன்மார் படித்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் "கோதண்டம்" என்று ஒரு தண்டனை உண்டு. உத்தரத்துக் கயிற்றில் பையனைத் தொங்கவிட்டு, கீழே நின்று பிரம்பால் விளாசுவது. அதற்கு இராமன் கை வில்லின் பெயரை வைத்தார்கள் என்றால், பிள்ளையைச் சித்திரவதை செய்வதில்கூட நமது பெரியவர்களுக்கு இருந்த பக்தி எப்பேர்ப்பட்டது என்று தெரிகிறதல்லவா!

அந்தக் காலம் போய்விட்டது என்பீர்கள். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, எந்தப் பிள்ளையையும் உடலால் தண்டிக்கவோ மனதால் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் கோதண்டத்துக் கயிறு அறுந்ததே ஒழிய, அந்தக் கயிற்றைக் கட்டின புத்தி அறுந்ததா என்பதுதான் கேள்வி.

நமது சொந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம். நாம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள். கணக்கு வராமல் நிற்கவில்லை. கணக்கு வந்ததால் நின்றோம். ஒரு நாள் வாத்தியார் பலகையில் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தது. நமக்கு அது தெரிந்ததும் சந்தோஷம் தாங்காமல் எழுந்து சொன்னோம். சொன்னதற்கு முழங்காலுக்குக் கீழே விழுந்த அடியில் நடக்க இரண்டு நாள் ஆயிற்று. அதைக்கூட மறந்துவிடலாம். அடித்து முடித்த பிறகு அவர் பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றும் பேசாமல், அந்தத் தப்பை அழித்துச் சரியாகப் போட்டார்! அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. சரியானதைச் சொன்னாலும் அடி என்றால் அங்கே என்ன படிப்பு? அந்த வருஷத்தோடு சரி. பிறகு படித்ததெல்லாம் முடிதிருத்தும் கடைப் பெஞ்சிலும், வாசகசாலையிலும், தையற்கடைப் பத்திரிகையிலும்தான்.

இப்பேர்ப்பட்ட அனுபவம் உள்ள நாமாவது யோக்கியமாய் நடந்துகொண்டோமா என்றால், அதுவும் இல்லை. நமது மகள் நாலு வயதாயிருந்தபோது, ஒரு நாள் தானே செம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கப் போய்த் தரையெல்லாம் கொட்டிவிட்டாள். மறுநாள் கூட்டத்துக்குப் பேச வேண்டிய குறிப்புக் காகிதம் நனைந்துவிட்டது. கன்னத்தில் ஒன்று வைத்தோம். மறுநாள் பேசிய விஷயம் என்ன தெரியுமா? பெண்ணுரிமை! அதற்குப் பிறகு அந்தக் குழந்தை எதற்கெடுத்தாலும், "அப்பா, தண்ணீர் எடுக்கட்டுமா? அப்பா, இதைத் தொடட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். வந்தவர்கள் எல்லாம், "என்ன அடக்கமான பிள்ளை!" என்றார்கள். நாமும் மீசையைத் தடவிக்கொண்டோம். நாம் வளர்த்தது அடக்கமல்ல, பயம் என்பது புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைப் புரியவைத்தது, வாசகசாலையில் பழைய புத்தகக் கட்டில் கிடைத்த ஒரு இத்தாலிய வைத்தியரின் வரலாறு. அவரைப் பற்றித்தான் இன்று விரிவாய்ச் சொல்ல உத்தேசம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ல் இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தவர். பெண் என்றால் வாத்தியாரம்மாவாகப் போகலாம், அதற்கு மேல் என்ன என்று கேட்ட காலத்தில் வைத்தியம் படிக்கப் புகுந்தார். பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தில் ஆண்களோடு ஒரு பெண் நிற்பது அசிங்கம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு, தனியாக, பிணங்களோடு நின்று அறுத்துப் படித்தார். 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, அந்த நாட்டின் முதல் சில பெண் வைத்தியர்களில் ஒருவரானார்.

வைத்தியரானதும் அவர் போய்ப் பார்த்தது பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அடைத்து வைத்திருந்த மந்தபுத்திக் குழந்தைகளை. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய குழந்தைகள். கையில் தொட ஒரு பொருள் இல்லை, பார்க்க ஒரு காட்சி இல்லை, வெறும் சுவர். இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தல்ல, கைக்கு வேலை என்று அம்மையாருக்குத் தோன்றிற்று. பிரெஞ்சு தேசத்து வைத்தியர்களான இதார், செகேன் என்ற இருவர் அதற்கு முன்னே செய்து பார்த்ததையெல்லாம் தேடிப் படித்தார். பலவித மரச்சாமான்களைச் செய்து, தொட்டும் தடவியும் அடுக்கியும் பழகவிட்டார். அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையில் தேறினார்கள். ஊரே அதிசயப்பட்டது. ஆனால் அம்மையார் என்ன கேட்டார்? "மந்தபுத்திக் குழந்தை இவ்வளவு படிக்கிறதென்றால், புத்தியுள்ள குழந்தை ஏன் இவ்வளவோடு நிற்கிறது? நமது பள்ளிக்கூடங்கள் அவர்களை என்ன செய்துகொண்டிருக்கின்றன?" என்று கேட்டார். இதைத்தான் பகுத்தறிவு என்கிறோம். இன்னொருவராயிருந்தால் மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்று ஒரு கூலிக்காரர் பேட்டை. கட்டடக் கம்பெனிகள் பாதி கட்டிக் கைவிட்டுப் போன வீடுகளில் ஏழைகள் குவிந்து கிடந்த இடம். ஒரு கம்பெனி அந்த வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தது. தாயும் தகப்பனும் விடிந்ததும் கூலிக்குப் போய்விட, பள்ளி வயதுக்கு வராத பிள்ளைகள் மாடிப்படியில் ஓடிச் சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்ற வழி என்ன என்று யோசித்த கம்பெனியார், இந்தக் குழந்தைகளை ஒரு அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள அம்மையாரைக் கேட்டார்கள். கவனியுங்கள் தோழர்களே! குழந்தைகளைக் காப்பாற்ற அல்ல, சுண்ணாம்பைக் காப்பாற்ற! முதலாளியின் இரக்கம் எப்போதும் சுவரிலிருந்துதான் ஆரம்பிக்கும். எப்படியோ, 1907 ஜனவரி 6-ந் தேதி "குழந்தைகள் வீடு" திறக்கப்பட்டது. ஐம்பது குழந்தைகளுக்கு மேல். அழுக்கு, அழுகை, மிரண்ட பார்வை. பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டது படித்த உபாத்தியாயரல்ல. அதே கட்டடத்துக் காவல்காரரின் மகள் என்கிறார்கள்.

அம்மையார் செய்த முதல் காரியம், பாடம் சொல்லிக் கொடுக்காமல் இருந்ததுதான். சாமான்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓரமாய் உட்கார்ந்து பார்த்தார். என்ன பார்த்தார் என்பதைக் கேளுங்கள்.

ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை. தட்டார் கடையில் எடைக்கற்களைக் குழி குழியாய்ப் பதித்து வைத்திருக்கும் மரச்சட்டம் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்குப் பொருந்தும்படி பெரிதும் சிறிதுமாய்ப் பத்து உருளைகள். அந்தக் குழந்தை எல்லாவற்றையும் எடுத்துக் கலைப்பதும், மறுபடி அதனதன் குழியில் வைப்பதுமாயிருந்தது. சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடி ஆடச் சொன்னார். குழந்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். சாமானை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் வேலையைத் தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுப் பிறகு தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தது போல் தெளிவாய்ச் சிரித்தது. "குழந்தைக்கு ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் மனம் நிற்காது" என்று சொல்லும் தாய்மார்களே! நிற்காதது குழந்தையின் மனமா, அல்லது நிற்கவிடாதது நாமா? அது ஒரு காரியத்தில் முனைந்திருக்கும்போது, "வா சாப்பிட, வா குளிக்க, மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று நாம் எத்தனை தடவை பிடித்து இழுக்கிறோம்!

அந்தச் சாமானில் இன்னொரு விசேஷம். ஒரு உருளையைத் தப்பான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சிப் போகும், பொருந்தாது. அப்போது "தப்பு!" என்று கத்த வாத்தியார் வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடும். குழந்தை தானே யோசித்துத் தானே திருத்தும். நமது பலகைக் கணக்கை நினைத்துக்கொண்டோம். தப்பைக் கண்டுபிடிக்கிற அதிகாரம் வாத்தியாரின் கையில் இருந்து சாமானின் கைக்குப் போய்விட்டால், அங்கே பிரம்புக்கு என்ன வேலை இருக்கிறது?

ஒரு நாள் அந்த வாத்தியாரம்மா நேரங்கழித்து வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களே திறந்து, ஆளுக்கொன்றாய் எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். "திருட்டுப் பிள்ளைகள்" என்று வாத்தியாரம்மா கோபப்பட்டார். அம்மையாரோ, பூட்டுகிற அலமாரியையே எடுத்துவிட்டு, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டு வைத்தார். மேஜை நாற்காலிகளையும் அவர்களே தூக்கும்படி சிறிதாய்ச் செய்தார்.

இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று குழந்தைகளுக்கு, சத்தமில்லாமல், கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது என்று நிதானமாய்ச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். குழந்தைகள் கைதட்டினார்களாம்! ஏன் தட்டினார்கள்? "மூக்கைப் பார், சீ!" என்று எல்லோரும் அவர்களைக் கேவலப்படுத்தினார்களே தவிர, எப்படிச் சிந்துவது என்று அதுவரை ஒருவரும் காட்டவில்லை. தோழர்களே, ஆயிரம் புத்தகத்தில் இல்லாத சுயமரியாதைப் பாடம் இந்த ஒரு கைக்குட்டையில் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். மூன்று வயதுக் குழந்தைக்கும் மானம் உண்டு. நாம்தான் அதை வயது வந்தபின் கொடுக்கும் ஓட்டுப்போலக் கருதிக்கொண்டிருக்கிறோம்.

எழுத்துப் பாடமும் இப்படியேதான். உப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலால் தடவித் தடவிப் பழகியிருந்தார்கள். டிசம்பர் மாதத்தில் ஒரு வெயில் நாள், மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்குக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியைப் படம் போடச் சொன்னார். படத்தைப் போட்டவன், கீழே அதன் பெயரையும் எழுதிவிட்டு, "எழுதிவிட்டேன்! எனக்கு எழுதத் தெரிகிறது!" என்று கூவினான். மற்றவர்களும் சாக்குக் கட்டிக்குச் சண்டை போட்டு எழுத ஆரம்பித்தார்கள். நெல்லில் விரலைப் பிடித்து அழுத்தி எழுதவைத்து, அன்று குழந்தை அழுவதை மங்களம் என்று சொல்லுகிற நமது ஏடு தொடங்கும் சடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"அடிக்காமல், கட்டுப்பாடில்லாமல் விட்டால் பிள்ளை குட்டிச்சுவராகாதா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. அம்மையார் யாரையும் இஷ்டம்போல் விடவில்லை. மற்றவனை அடிப்பது, சாமானை உடைப்பது, இன்னொருவன் வேலையைக் கெடுப்பது ஆகிய இவற்றை உடனே தடுத்துவிடுவார். மற்றதெல்லாம் பிள்ளையின் சுவாதீனம். அன்றியும், அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான் வைப்பது வழக்கம். அடுத்தவன் வைத்திருந்தால் அவன் முடித்துத் தட்டில் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திரு என்று யாரும் மிரட்ட வேண்டியதில்லை, வேறு வழியில்லை. எடுத்த இடத்தில் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குத் தனக்கே கிடைக்காது. கட்டுப்பாடு இப்படித்தான் உள்ளேயிருந்து வருகிறது. வெளியே பிரம்பு நிற்கும்வரை உள்ள ஒழுக்கம், பிரம்பு வெளியே போனதும் கூடவே போய்விடுகிறது. வாத்தியார் வெற்றிலை போட வெளியே போனால் வகுப்பு சந்தையாவதை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே!

பரிசு, தண்டனை இரண்டையும் அம்மையார் எடுத்துவிட்டார். அதுவும் பிள்ளைகள் காட்டிக் கொடுத்ததுதான். ஒரு பையனுக்குப் பரிசுச் சிலுவை மாட்டியிருந்தார்கள். இன்னொருவனைத் தண்டனையாய்த் தனி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பரிசுக்காரன் வேலை மும்முரத்தில் போகும்போது சிலுவை விழுந்துவிட்டது. தண்டனைக்காரன் அதை எடுத்துக் காட்ட, "வேண்டுமானால் நீயே வைத்துக்கொள்" என்று சொல்லி அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். பரிசு, தண்டனை என்பது மோட்ச நரகத்தின் சின்னப் பதிப்பு அல்லவா?

இதைவிட முக்கியமானதாக நமக்குப் பட்டது வேறொன்று. அந்த வீட்டில் பிள்ளைகளே தரையைப் பெருக்கினார்கள், மேஜையைத் துடைத்தார்கள், ஒருவருக்கொருவர் சூப்பு பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள். ஆண் குழந்தைக்கு ஒரு வேலை, பெண் குழந்தைக்கு ஒரு வேலை என்று இல்லை. நமது நாட்டில் எப்படி? வீட்டிலே துடைப்பம் பெண்ணுக்கு. பள்ளியிலே கக்கூஸ் கழுவ எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பது பத்திரிகை படிக்கிற உங்களுக்குத் தெரியும். படித்தவன் கை அழுக்காகக்கூடாது என்பதுதானே வருணாசிரமத்தின் சாரம்! எல்லாப் பிள்ளையும் மூன்று வயதிலிருந்து துடைப்பத்தைக் கையில் எடுத்தால், பெருக்குவதற்கென்று ஒரு ஜாதி எதற்கு?

இன்னொரு விஷயத்தில் அம்மையாரை மிகவும் பாராட்ட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிஜமும் பொய்யும் பிரித்தறியத் தெரியாது, ஆகையால் பூதக் கதை, தேவதைக் கதைகளை அதன் தலையில் ஏற்றாதீர்கள் என்றார். நாம் என்ன செய்கிறோம்? ஒரு வாய்ச் சோறு இறங்குவதற்குப் பூச்சாண்டி வருகிறான் என்கிறோம். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்கிறோம். பொய்யே சொல்லக்கூடாது என்பதற்கே ஒரு பொய்! சாமியை ஒப்புக்கொள்ளாத நமது தோழர்களின் வீட்டிலும் பூச்சாண்டி மட்டும் குடியிருக்கிறான். (சிரிப்பு).

அம்மையாரை ஒரு அவதாரமாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. அவரிடமும் குறைகள் உண்டு. முசோலினி 1924-ல் அவரது முறைக்கு ஆதரவு கொடுத்தபோது அதை ஏற்றுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1934-ல், சர்வாதிகாரத்துக்கும் சுதந்திரமாய் யோசிக்கும் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகி, இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் நாஜிகள் மூடினார்கள். ஒருவிதத்தில் அந்த இரண்டு பேரும் அம்மையாரின் முறையைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்ற கல்விப் பேராசிரியர் 1914-லேயே, இந்தச் சாமான்கள் குழந்தையின் கற்பனைக்கு இடம் கொடுக்காமல் குறுகியிருக்கின்றன என்று கண்டித்தார். அதிலும் கொஞ்சம் நியாயமிருக்கிறது.

அவரது வாழ்க்கையில் நம்மை வெகு நேரம் யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. கலியாணமாகாமல் 1898-ல் அவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மாரியோ என்று பெயர். அந்தக் காலத்து மதமும் சமூகமும் அதை வெளியே சொல்லவிட்டால் வைத்தியத் தொழிலும் போயிருக்கும், மானமும் போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் விட்டு வளர்த்தார். பதினைந்து வயது வாக்கில்தான் தன்னிடம் அழைத்துக்கொண்டார். அப்போதும் உலகத்தாருக்கு உறவுப் பையன், வளர்ப்புப் பிள்ளை என்றே வெகு காலம் சொல்ல வேண்டியிருந்தது. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வீடு கட்டின ஒரு பெண்ணைத் தன் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவிடாத கற்பு நீதி எப்பேர்ப்பட்ட நீதி! கூடவே பெற்ற அந்த ஆண், மாண்டிசானோ என்ற வைத்தியர், வேறொரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டு யாதொரு குறைவுமில்லாமல் தொழில் செய்துவந்தார் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

அந்த மாரியோவோடு அம்மையார் 1939-ல் நமது சென்னை அடையாறுக்கே வந்தார். அழைத்தது தியாசாபிகல் சங்கத்தார். அவர்களுடைய மறுபிறப்பு, மகாத்மாக்கள் கதைக்கும் நமக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனாலும் நல்ல காரியத்தை யார் செய்தாலும் நல்ல காரியமே. முதல் பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதத்துக்கென்று வந்தவர் யுத்தத்தால் சிக்கிக்கொண்டார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், வெள்ளைக்காரச் சர்க்கார் மாரியோவைப் பிடித்துக் காவலில் வைத்து, அம்மையாரை அடையாறைவிட்டு வெளியேறக் கூடாதென்றது. அவரது 70-வது பிறந்த நாளையொட்டி வைசிராய் மாரியோவை விடுவித்தார். பிறகு கோடைக்கானலில் சில வருஷம் இருந்து, அந்த மலைமேல் குழந்தைகளோடு செடியையும் பூச்சியையும் பார்த்துப் புதிய பாடமுறை வகுத்தார். 1946-ல் திரும்பிப் போய், மறுபடி 1947-ல் வந்து, 1952-ல் ஹாலந்தில் காலமானார்.

இவ்வளவு நாள் நம் மண்ணில் இருந்ததன் பலன் யாருக்குப் போயிற்று? இன்று பட்டணத்தில் தெருவுக்கு ஒரு "மாண்டிசோரி" போர்டு தொங்குகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பார்த்தால், பல இடங்களில் மூன்று வயதுக் குழந்தை கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு ஏ, பி, சி எழுதி அழுகிறது. கூலிக்காரன் பிள்ளைக்காகப் பிறந்த முறை, கூலிக்காரன் வாசற்படி மிதிக்க முடியாத இடத்தில் விலைக்கு விற்கிறது!

வேறு விதமாகவும் செய்யலாம் என்று காட்டினவர்கள் இல்லாமல் போகவில்லை. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல் தொழிலை விட்டு 1920-ல் பாவநகரில் குழந்தைகள் பள்ளி நடத்தினார். அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு "மீசை வைத்த அம்மா" என்று பெயர் வைத்தார்கள். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் அம்மையார், இத்தாலிச் சாமான் வாங்கக் காசில்லாத ஆதிவாசிக் குழந்தைகளிடம் போய், கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை இவற்றையே சாமானாக்கினார். நமது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, கைக்கெட்டும் தாழ்வான பலகையில் எழுதின பிள்ளைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஏழைப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது என்பது சோம்பேறிப் பேச்சு.

ஆதாரம் கேட்பது நமது வழக்கமாகையால் அதையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில், ஒரு மாண்டிசோரிப் பொதுப்பள்ளிக்குச் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சீட்டு விழுந்து சேர்ந்தவர்களையும், விண்ணப்பம் போட்டும் சீட்டு விழாமல் வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டு 2006-ல் "சயன்ஸ்" பத்திரிகையில் வெளியிட்டார்கள். குலுக்கலானதால், நல்ல பெற்றோரின் பிள்ளை அதனால் நன்றாகப் படித்தது என்று தப்பிக்க முடியாது. ஐந்து வயதில் எழுத்து, எண், பிறரோடு நியாயமாய் நடந்துகொள்வது எல்லாவற்றிலும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மேலாக இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் வித்தியாசம் சில விஷயங்களில் மட்டுமே. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமல்லவா?

நமது மகள் சங்கதி பாதியில் நிற்கிறது. தண்ணீர்ப் பானையைக் கீழே இறக்கி வைத்தோம். சின்னச் செம்பு ஒன்றும், கொட்டினால் துடைக்க ஒரு துணியும் பக்கத்தில் வைத்தோம். முதல் சில நாள் அவள் நம் முகத்தைத்தான் பார்த்தாள், செம்பைப் பார்க்கவில்லை. கேட்காமல் எடுக்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. கொடுத்தது ஒரு அடி, திரும்ப எடுக்க ஒரு மாதம்! இப்போது பதினோரு வயது. இந்தக் கூட்டத்துத் துண்டு விளம்பரத்தை அச்சாபீஸில் கொடுக்கும் முன் நாம் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்றாள். அவசரத்தில், "பெரியவர்களுக்குத் தெரியும், போ" என்று வாய் வரை வந்துவிட்டது. நாட்காட்டியைப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. நீங்கள் எல்லோரும் சரியான நாளில் வந்து சேர்ந்திருப்பது அவள் தயவு.

நேரமாகிவிட்டது, அடுத்துப் பேச வேண்டிய தோழர் காத்திருக்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் சங்கத்து வாசகசாலையின் கண்ணாடி அலமாரிக்குப் பெரிய பூட்டுப் போட்டிருக்கிறது. "குழந்தைகள் உள்ளே வரக்கூடாது" என்று ஒரு அட்டையும் தொங்குகிறது. காரியதரிசித் தோழர் மன்னிக்க வேண்டும். அந்த அட்டையை எடுத்துவிட்டு, சுவரோரமாய் இரண்டடி உயரத்தில் ஒரு தட்டு அடிக்கச் சம்மதித்திருக்கிறார். தச்சுவேலைத் தோழர் ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனச்சதுரக் கட்டைகள், பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை பத்துக் கோல்கள், பித்தான் போடவும் அவிழ்க்கவும் துணி கட்டிய ஒரு சட்டம், இவ்வளவுதான் இப்போதைக்கு. கழிவு மரமே போதும் என்கிறார். அளவு எழுதிய காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டோம். இழைப்புக் கூலி வேண்டாம் என்கிறார், அது நியாயமல்ல. ஆகையால் வாசலில் ஒரு உண்டி வைத்திருக்கிறது.